‘நெவர் லெட் மீ கோ’ நாவலில் ஏன் யாருமே தப்பி ஓடுவதில்லை?

கேள்வி:
கசுவோ இஷிகுரோ 2005இல் எழுதிய நாவல். இப்போதுதான் முடித்தேன், மனசு ஆறவில்லை. உறுப்புகளை எடுப்பதற்காகவே வளர்க்கப்படும் குளோன்கள் இவர்கள். கதையைச் சொல்லும் கேத்தியும் அவர்களில் ஒருத்தி; அவளிடம் கார் இருக்கிறது, இங்கிலாந்து முழுக்கத் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறாள், வேலியோ காவலோ கிடையாது. அப்புறம் ஏன் ஒருத்தர்கூட ஓடவில்லை? கதையில் இது பெரிய ஓட்டையாகப் படுகிறது எனக்கு.

பதில் 1:
ஓட்டை இல்லைங்க. அவர்கள் வளரும் ஹெய்ல்ஷம் பள்ளியில் சின்ன வயதிலிருந்தே உண்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக, அவர்களுக்குப் புரிகிற வயது வருவதற்குச் சற்று முன்பே சொல்லிவிடுகிறார்கள், அதனால் அது ஒரு நாளும் அதிர்ச்சியாக வந்து தாக்குவதே இல்லை. அவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று பாருங்கள்: நிஜமாகக் காதலிப்பதை நிரூபித்தால் உறுப்பு எடுப்பதை 3, 4 வருடம் தள்ளிப்போடலாம் என்று ஒரு வதந்தி. விடுதலை கேட்கவில்லை, தவணை கேட்கிறார்கள். எனக்கு நெஞ்சு அடைத்த இடம் அதுதான்.

பதில் 2:
எல்லாவற்றையும் சும்மா ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கு வந்துபோன ‘மேடம்’ என்ற பெண்மணியிடம் அந்தத் தவணையைக் கேட்கக் கேத்தியும் அவள் காதலன் டாமியும் போகிறார்கள். அவர் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் டாமி காரை நிறுத்தச் சொல்லி, இருட்டில் வயலில் இறங்கிக் கத்துகிறானே, அது என்ன? கோபம் இருக்கிறது. யார்மீது காட்டுவது? பள்ளியின் தலைமை ஆசிரியை மிஸ் எமிலியே இந்தப் பிள்ளைகளுக்காகப் போராடியவர்தான்.

பதில் 3:
பராமரிப்பாளர் வேலையையும், அதாவது உறுப்பு கொடுக்கும் மற்ற குளோன்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையையும், சேர்த்துப் பாருங்கள். 11 வருடத்துக்கு மேல் அந்த வேலையில் இருக்கும் கேத்தி, தன் பொறுப்பில் உள்ளவர்கள் பதற்றமில்லாமல் இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறாள். தன்னையும் கொல்லப்போகிற அமைப்பு சத்தமில்லாமல் ஓட அவளே உழைக்கிறாள், அதுவும் உண்மையான அன்போடு.