ஸ்கைலைன் கோடு கடைசியில் விழுகிறது: எச்3என்2 பன்மை உண்மையிலேயே குறைந்ததா?

ஓரிழை:
எச்3என்2 இன்ஃப்ளூயன்சா வைரஸ், அதன் மேற்பரப்புப் புரதத்துக்கான எச்ஏ மரபணு மட்டும் (1701 எழுத்து). உலக அளவில் 620 வரிசைகள், 2014 முதல் 2019 நடுப்பகுதி வரை. பீஸ்ட் என்ற வம்சமர மென்பொருளில் ஸ்கைலைன் (மரபுப் பன்மை காலத்தோடு மாறுவதைக் கோடாகக் காட்டும் கணக்கு) ஓட்டினால் கடைசி எட்டு மாதத்தில் கோடு செங்குத்தாக விழுகிறது. ஆனால் அந்த மாதங்களில் தொற்று குறையவே இல்லை. இஎஸ்எஸ் (பீஸ்டின் கணக்கீட்டுச் சங்கிலி எடுத்த மாதிரிகள், ஒன்றையொன்று சாராத எத்தனை மாதிரிக்குச் சமம் என்ற எண்) எல்லாம் 200க்கு மேல். பன்மை உண்மையிலேயே சரிந்ததா?

கிளைவழி:
அந்தக் கோட்டை நோயாளிக் கணக்காகப் படிக்காதீர்கள். அது விளைவுறு தொகையை (வம்சம் தொடரும் வைரஸ் கூட்டத்தின் கணக்கீட்டு அளவு) தலைமுறைக் காலத்தால் பெருக்கிய மதிப்பு. வரிசைகள் பின்னோக்கிப் போய் எவ்வளவு விரைவாகப் பொது மூதாதையில் சேர்கின்றன என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. எதிர்ப்பாற்றலுக்குத் தப்பும் ஒரு கிளை மற்றவற்றைத் துடைத்துவிட்டால், கோடிப் பேருக்குத் தொற்றினாலும் கோடு இறங்கும். எச்3என்2 மரம் ஏணி மாதிரி ஒல்லியாக இருப்பது இதனால்தான்.

நடுத்தண்டு:
பொதுவாகச் சரி, இந்த ஆண்டுகளுக்குப் பொருந்தாது. எச்3என்2வில் 3சி.2ஏ, 3சி.3ஏ இரண்டும் 2014லேயே தனிக் கிளைகள். 2019லும் இரண்டுமே சுற்றின. அமெரிக்காவில் 2018–19 பருவத்தின் பிற்பகுதியில் 3சி.3ஏ ஓங்கியது. ஆகவே மாதிரியெடுப்பைத்தான் சந்தேகிப்பேன். ஒரே நாட்டிலிருந்து கொத்தாக வந்த வரிசைகள் சில மாதங்களுக்குள்ளேயே மூதாதையில் சேர்ந்துவிடும். மாடலோ உலகம் முழுவதும் நன்றாகக் கலந்த ஒரே கூட்டம் என்று எடுத்துக்கொண்டு, தொகை சுருங்கிவிட்டது என்கிறது.

நாடு, மாதம் வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 4 வரிசை, குலுக்கல் முறையில் எடுங்கள். அப்படி மூன்று தொகுப்புகள் ஓட்டுங்கள். இஎஸ்எஸ் 200 தாண்டியது சங்கிலி நன்றாக ஓடியதற்குத்தான் சாட்சி, தரவு சமச்சீராக இருப்பதற்கு அல்ல.

ஓரிழை:
பார்த்தேன். கடைசி எட்டு மாதத்து 180 வரிசைகளில் 151 அமெரிக்காவினுடையவை, பெரும்பாலும் 3சி.3ஏ.

நடுத்தண்டு:
அதுதான் காரணம்.

கிளைவழி:
ஒப்புக்கொள்கிறேன். வரிசைகளைக் குறைக்கும்போதே, ஆய்வகத்தில் கோழி முட்டையில் வளர்த்த வைரஸ்களையும் நீக்கிவிடுங்கள். எச்ஏ புரதத்தின் 194ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் புரோலினாவது முட்டைக்கு ஏற்ற மாற்றம். அது நுனிக் கிளைகளை நீட்டி, இல்லாத பன்மையைக் காட்டும். பிறகு டெம்ப்எஸ்ட் என்ற மென்பொருளில், மரத்தின் வேர்–நுனி தூரம் வரிசையின் தேதியோடு எப்படிக் கூடுகிறது என்று பாருங்கள். சாய்வு ஆண்டுக்கு, ஓர் இடத்துக்கு 0.004ஐ ஒட்டி வர வேண்டும். விலகி நிற்பவற்றின் தேதியைச் சரிபாருங்கள். ஜனவரி 1 என்றிருந்தால், ஆண்டு மட்டும் தெரிந்த வரிசைக்கு மென்பொருள் தானாகப் போட்ட நாளாக இருக்கலாம்.