டியூஷன் முடிந்த பிறகு பத்து நிமிடம்

செந்தூல் அப்பா:
ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போகும் இடைவெளியில் இரண்டு வாரம் வீட்டில் இருந்தேன். "சும்மாதானே இருக்கீங்க" என்று, இங்கே கோலாலம்பூரில் இடைநிலைப்பள்ளியில் படிவம் 4 படிக்கும் மகளை ஏற்றி இறக்கும் வேலையை வீட்டுக்காரம்மா என் தலையில் கட்டிவிட்டார். அதுவரை என் கணக்கு எளிது: இரண்டு மணிக்குப் பள்ளி முடியும், பிள்ளை வீட்டுக்கு வரும், மீதி நேரம் போனை நோண்டும்.

முதல் வாரத்திலேயே கணக்கு பொய்த்துவிட்டது. புதன்கிழமை புறப்பாட நடவடிக்கை, நாலரைக்குத்தான் கேட்டுக்கு வெளியே வந்தாள். திங்களும் வியாழனும் இரவு எட்டிலிருந்து பத்து வரை டியூஷன். பாட அட்டவணைக்குள் இடம் கிடைக்காத தமிழ் வகுப்பு சனி காலையில், ஞாயிறு கோவிலில் தேவாரம். 2022-ல் படிவம் 3 பிள்ளைகளுக்கான பிடி3 தேர்வை ரத்து செய்தபோது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும் என்று நினைத்த ஆள் நான். இப்போது படிவம் 3-லேயே, படிவம் 5-ல் எழுதும் எஸ்பிஎம் தேர்வுக்கான டியூஷனுக்கு ஆள் சேர்க்கிறார்கள். கட்டணத்தைப் பற்றிப் பேசினால் இன்னொரு பதிவு ஆகிவிடும், விடுங்கள்.

டியூஷன் நடப்பது கடைவீட்டு மாடியில். பத்து மணிக்குக் கீழே அப்பாக்களின் கார்கள் இரண்டு வரிசையாகச் சிக்னல் விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் இறங்கி நேராகக் காருக்கு வர மாட்டார்கள், பக்கத்து மாமாக் கடைக்குள், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குள், நுழைவார்கள். ஒரு மேகி கோரேங் (வறுத்த மேகி), நான்கு முள்கரண்டி. மைலோ ஐஸ் மட்டும் ஆளுக்கொன்று. "அப்பா, பத்து நிமிசம்" என்று கையைக் காட்டுவாள். முதல் நாள் காரில் உட்கார்ந்து கோபத்தில் புகைந்தேன். அடுத்த முறை நானும் ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) சொல்லிவிட்டு நாலு மேசை தள்ளி உட்கார்ந்தேன். அப்படிச் சிரிக்கிறாள்! வீட்டில் நான் கேட்டதே இல்லை. எதற்குச் சிரித்தாள் என்று இன்றுவரை தெரியாது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எப்படி?

பட்டர்வொர்த் வாசி:
எனக்கு ஞாயிறும் வேலைதான், ஃபெர்ரியில் பினாங்குத் தீவுக்குப் போவேன். 2023 ஆகஸ்டில் புதுப் படகுகள் வந்தன, அவற்றில் கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும். குளுகுளு அறை, எல்லாரும் போனில் தலையைக் கவிழ்த்திருப்பார்கள். பழைய படகின் உப்புக்காற்று போச்சே என்று எனக்கு வருத்தம் உண்டு, அது வேறு கதை.

அங்கே ஒரு பையன் மட்டும் ஜன்னலைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வந்தான். காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. கையில் நான்காக மடித்த போட்டோஸ்டாட் தாள், மடிப்பில் எழுத்து அழிந்துபோய் அதன் மேல் பேனாவால் எழுதியிருந்தான். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் செய்யுள்!

கேட்டேன். எஸ்பிஎம்மில் தமிழ் இலக்கியம் எடுக்கிறானாம். 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழி வகுப்பு நடத்தலாம் என்று சட்டமே இருக்கிறது. அது இவன் பள்ளியில் நடக்கிறது. இலக்கியத்துக்கு ஆள் இல்லை. அக்கரையில் ஓர் ஆசிரியர் ஞாயிறு காலையில் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போகிறான்.

"படகுல போகும்போது ஒரு பாட்டு, வரும்போது ஒரு பாட்டுண்ணே. வீட்டுல தம்பி டிவி போட்டுருவான்."

இறங்கும் இடம் வந்தபோது கடைசி அடி மட்டும் வரவில்லை அவனுக்கு. தாளைப் பார்க்காமல் நெற்றியைத் தட்டிக்கொண்டே கூட்டத்தோடு நடந்து போனான்.

கெப்போங் அம்மா:
எல்லாரும் நல்ல பிள்ளைகளையே பார்க்கிறீர்கள். என் மகனுக்குச் சனிக்கிழமை என்றால் போனில் மொபைல் லெஜண்ட்ஸ் விளையாட்டு. சாப்பாட்டைக் கட்டிலுக்கே கேட்கிறான்.

உறுமிக்காரன்:
எங்கள் ஃப்ளாட் கீழ்த்தளத்தில் தைப்பூசத்துக்கு முன் இரண்டு மாதம் உறுமி மேளப் பயிற்சி நடக்கும், பெரும்பாலும் இடைநிலைப்பள்ளிப் பையன்கள். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்கு நிறுத்திவிட வேண்டும், அதைத் தாண்டினால் மேல் மாடியிலிருந்து தண்ணீர் வரும். நிஜமாகவே ஒருமுறை வந்தது.

முன்பெல்லாம் ஆண்டு முடிவதற்குள் எஸ்பிஎம் முடிந்துவிடும், பையன்கள் ஃப்ரீ. கொரோனாவுக்குப் பிறகு சில வருடம் எல்லாம் தள்ளிப்போனது. 2024-ல் தைப்பூசம் ஜனவரி 25, எழுத்துத் தேர்வு அதே மாதக் கடைசியில். உறுமி தேய்க்கிற பையன் படிவம் 5. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில், வளைந்த குச்சியைக் கழுத்துப் பட்டைக்குள் செருகிவிட்டு செஜாரா (வரலாறு) நோட்டை எடுப்பான். அதில் தோற்றால் சான்றிதழே கிடையாது, 2013-லிருந்து அப்படித்தான். மேளத்தை வைத்துவிட்டுப் போய்ப் படி என்று அவன் அம்மாவுக்கு முன்னால் நானே சொன்னேன். போனான். அடுத்த நாள் கேட்காமலே வந்து நின்றான். உறுமிக்கு வேறு ஆள் இல்லை, நானும் வாயை மூடிக்கொண்டேன். பத்துமலையில் 272 படியும் அவன் தேய்ப்பில்தான் ஏறினோம்.

படிவம் 5 மாணவி:
அம்மாவோட ஐடியில எழுதுறேன். செந்தூல் அங்கிள், மாமாக் கடைக்கு வந்தீங்க சரி, ஆனா நாலு மேசை பத்தாது, ஆறு மேசை தள்ளி உட்காருங்க. அப்புறம் தயவுசெய்து ஹார்ன் அடிக்காதீங்க. பத்து நிமிசத்துல மேகி வரவே எட்டு நிமிசம் ஆகுது.

செந்தூல் அப்பா:
ஆறு மேசை, சரிம்மா. ஆனால் ஹார்ன் அடித்தது நான் இல்லை, பின்னால் நின்ற வெள்ளை மைவி கார்.