அப்பாட மரணசாசனம் (உயில்) – அப்டேட்

போன மாதம் எழுதினேனே, அப்பா கொழும்பு வெள்ளவத்தை வீட்டை முழுசா தம்பிக்கே எழுதிட்டு எனக்கும் தங்கச்சிக்கும் ஒண்டும் வைக்கேல்ல எண்டு. நிறைய பேர் "கேஸ் போடுங்க"ன்னீங்க, அதால புதுக்கடை கோர்ட் பக்கம் ஒரு லோயர போய் பார்த்தம்.

முதல் கேள்வியே நான் கேட்டன், பிள்ளைகளுக்கு கட்டாய பங்கு ஒண்டும் இல்லையா எண்டு. இல்லையாம். 1844ம் ஆண்டு சட்டத்திலயே அது போயிட்டுதாம், ஆர் பேருக்கும் எழுதலாம், நியாயமில்லை எண்டு மட்டும் சொல்லி கோர்ட்டுக்கு போகேலாது எண்டு லோயர் சொன்னார். நெஞ்சு விட்டுப் போச்சு.

பிறகு சாசனத்தை எடுத்து பார்த்தார். நொத்தாரிசு (பத்திரம் எழுதி உறுதிப்படுத்துற ஆள்) முன்னால எண்டா ரெண்டு சாட்சி போதும், நொத்தாரிசு இல்லாட்டி அஞ்சு பேர் கையெழுத்து வேணும், எங்கட அப்பாட்ட நொத்தாரிசும் இருக்கு ரெண்டு சாட்சியும் இருக்கு, அந்தப் பக்கம் ஓட்டையே இல்லை. மிச்சம் இருக்கிறது அப்பாக்கு அப்ப நினைவு தெளிவா இருந்ததா, ஆராவது நெருக்கினதா எண்டதுதான். உண்மையா சொல்றன், அப்பா கடைசி வரைக்கும் பேப்பர் வாசிச்சு அரசியல்வாதிகள ஏசிக்கொண்டு இருந்த மனுசன், நான் எப்பிடி போய் பொய் சொல்ல?

கேஸ் போடேல்ல. ஞாயிறு தம்பிய வரச்சொல்லி கதைச்சன். "அக்கா, கீழ் வீட்டு வாடகைய நீங்க ரெண்டு பேரும் எடுங்கோ" எண்டான். வாயால சொன்னா காணாது, நொத்தாரிசிட்ட எழுதித்தா எண்டன். முகம் கறுத்திட்டு. இன்னும் பதில் இல்லை.