ட்ரெயில் கேமரா படங்களை நிலாவோடு வைத்து கிராஃப் போட்டேன்: நடுவில் மட்டும் பள்ளம் ஏன்?

மேல்மலை விவசாயி:

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம் எங்கள் தோட்டம். உருளை, கேரட், கொஞ்சம் பூண்டு. மேல் வரப்பு காட்டை ஒட்டியே போகிறது. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும்தான் பெரிய தொல்லை. உருளை காய் பிடிக்கும் நேரத்தில் முள்ளம்பன்றி ஒரு பாத்தியைக் கிளறினால் செடி அப்படியே நிற்கும், அடியில் கிழங்கு இருக்காது. வாடிய பிறகுதான் நமக்குத் தெரியும்.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது. இந்தக் குளிரில் அவரை எல்லா ராத்திரியும் காவலுக்கு அனுப்ப மனம் வரவில்லை. எந்த ராத்திரி கட்டாயம் போக வேண்டும், எந்த ராத்திரி வீட்டில் படுக்கலாம் என்று தெரிந்தால் போதும். அதற்காகவே எங்கள் பட்டா நிலத்துக்குள் வேலிக் கல்லில் ஒரு ட்ரெயில் கேமரா, அதாவது முன்னால் மிருகம் அசைந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமரா, கட்டி வைத்தேன். சில மாதப் படங்கள் சேர்ந்துவிட்டன.

எக்செலில் ஒவ்வொரு படத்துக்கும் அன்றைக்கு நிலா எத்தனை சதவீதம் தெரிந்தது என்று போட்டு, 0–20, 20–40 என்று ஐந்து பட்டையாகப் பிரித்தேன். இரண்டு ஓரமும் உயரமாக நிற்கிறது, நடுவில் பள்ளம். அதாவது அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் நிறைய வருகிறது, அரை நிலாவில் வருவதே குறைவு. இது நிஜமா? அஷ்டமி சமயம் அப்பாவை வீட்டில் இருக்கச் சொல்லலாமா?

கூடலூர் மணி:

அண்ணே, எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வது, நல்ல நிலாவில் பன்றி வெட்டவெளிக்கு வராது, காட்டோரத்திலேயே நிற்கும். ஆனால் அறுவடை நெருங்கிவிட்டால் நிலாவாவது ஒன்றாவது, வந்துவிடும். கிராஃப் போடும்போது பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது என்பதையும் பாருங்கள்.

கணக்கு வாத்தியார், தேனி:

அப்பாவை இப்போதைக்கு வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டாம் தம்பி. அந்தப் பள்ளத்துக்குக் காரணம் பன்றி இல்லை, பட்டை பிரித்த விதம்.

நிலா அமாவாசையிலிருந்து அமாவாசை வரை சுற்ற சராசரியாக 29.53 நாள். ஆனால் வெளிச்ச சதவீதம் நாளுக்கு நாள் ஒரே அளவாக ஏறுவதில்லை. அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் மெதுவாக நகரும், அஷ்டமி பக்கம் கிடுகிடுவென்று ஓடும். சூரியனிலிருந்து நிலா எத்தனை பாகை விலகியிருக்கிறதோ அதன் கொசைனை 1-இலிருந்து கழித்து, 2-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் சதவீதம் வரும். இதை வைத்துக் கணக்குப் பார்த்தால், ஒரு சுற்றில் 0–20 பட்டைக்கு எட்டரை இரவுக்கு மேல் கிடைக்கிறது, 80–100 பட்டைக்கும் அப்படியே. நடுவில் இருக்கிற 40–60 பட்டைக்கு நாலு இரவு கூட இல்லை. எல்லா ராத்திரியும் ஒரே அளவு பன்றி வந்தாலும் உங்கள் கிராஃபில் நடுவில் பள்ளம் விழத்தான் செய்யும்.

அதனால் படத்தை எண்ணி நிறுத்தாதீர்கள். அந்தப் பட்டையில் கேமரா வேலை செய்த இரவுகள் எத்தனையோ அதால் வகுங்கள். ஒரு படமும் விழாத இரவுக்கும் ஷீட்டில் ஒரு வரி இருக்க வேண்டும், வருகை பூஜ்யம் என்று. பேட்டரி தீர்ந்து நின்ற இரவு மட்டும் கணக்கிலேயே வரக்கூடாது. அப்புறம், ஒரே பன்றிக் கூட்டம் அரை மணி நேரம் கேமரா முன்னால் மேய்ந்தால் படம் குவிந்துவிடும். முப்பது நிமிட இடைவெளிக்குள் விழுந்த ஒரே இனத்துப் படங்களை ஒரு வருகையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலை இரண்டு மணிப் படம் முந்தின ராத்திரியைச் சேர்ந்தது. படத்தின் நேரத்திலிருந்து 12 மணி நேரத்தைக் கழித்து, வரும் தேதியை எடுத்தால் இந்தக் குழப்பம் இருக்காது.

சதவீதத்தில் இன்னொரு கோளாறும் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வளர்பிறை அஷ்டமிக்கும் தேய்பிறை அஷ்டமிக்கும் சதவீதம் ஒன்றுதான், ஐம்பது. ஆனால் வளர்பிறை அஷ்டமியில் பொழுது சாயும்போதே நிலா உச்சியில் நிற்கும், நள்ளிரவு வாக்கில் மறையும். தேய்பிறை அஷ்டமியில் நள்ளிரவு வாக்கில்தான் உதிக்கும். முன்னிரவில் தோட்டத்துக்கு வரும் மிருகத்துக்கு இரண்டும் ஒன்றா? தான்சானியாவில் சிங்கங்கள் மனிதர்களைத் தாக்கியதைப் பற்றி 2011இல் ஓர் ஆய்வு வந்தது. பௌர்ணமிக்கு அடுத்து வரும் நாட்களின் முன்னிரவில்தான் தாக்குதல் அதிகம். அப்போது நிலா பெரிதாக இருந்தாலும் உதிக்கத் தாமதமாகிறது, ஜனங்கள் வெளியில் நடமாடும் நேரம் இருட்டாக இருக்கிறது. சதவீதத்தை மட்டும் பார்த்திருந்தால் ‘வெளிச்ச ராத்திரியில் சிங்கம் அடிக்கிறது’ என்றே தோன்றியிருக்கும்.

இதற்கு நம்ம வீட்டு நாட்காட்டியே போதும். திதி என்பது நிலா சூரியனிலிருந்து விலகும் 12 பாகை. 30 திதியும் பாகையில் ஒரே அளவு, வளர்பிறை தேய்பிறை தனித்தனியாகவே நிற்கும். திதி எத்தனை மணி வரை என்று தாளிலேயே போட்டிருக்கும், ராத்திரி பத்து மணிக்கு எந்தத் திதி நடக்கிறதோ அதை எழுதுங்கள். கிராஃபை வட்டமாகப் போட்டால் அமாவாசைக்கு முந்தின நாளும் பிந்தின நாளும் பக்கத்துப் பக்கத்தில் வரும்.

அதற்கு மேலும் துல்லியம் வேண்டுமென்றால் ஒவ்வொரு வருகையின்போதும் நிலா வானில் இருந்ததா என்று குறியுங்கள். பைத்தானில் எஃபெம் என்ற நிரல் தொகுப்பு, இடமும் நேரமும் கொடுத்தால் நிலாவின் உயரத்தைச் சொல்லிவிடும். உங்களுக்குக் கிழக்கே மலை மறைத்தால் பத்துப் பதினைந்து பாகை ஏறிய பிறகே நிலா இருப்பதாக வையுங்கள். கேமராவே படத்தின் அடியில் பிறைக் குறி போடுமே என்று விட்டுவிட வேண்டாம், அது தேதியை மட்டும்தான் சொல்கிறது.

மேல்மலை விவசாயி:

ரொம்ப நன்றி சார். வகுத்துப் பார்த்தேன், நடுப்பள்ளம் காணாமல் போய்விட்டது. பன்றிக்கு எந்த வடிவமும் தெரியவில்லை. முள்ளம்பன்றிக்கு மட்டும் ஏதோ இருக்கிறது: தேய்பிறையில் முன்னிரவிலும் வளர்பிறையில் பின்னிரவிலும் வருகிறது. மழைக்கால மூட்டத்தில் நிலா இருந்தும் தெரியாத ராத்திரிகளை என்ன செய்வது?

கணக்கு வாத்தியார், தேனி:

முள்ளம்பன்றி விஷயம் நம்பும்படி இருக்கிறது. இதே இனத்தை இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஆராய்ந்தவர்கள், அது நிலா வெளிச்சத்தைத் தவிர்ப்பதாக 1988இல் எழுதியிருக்கிறார்கள்.

மூட்டமான ராத்திரிகளைத் தனிப் பத்தியில் குறித்து ஒதுக்கி வையுங்கள். முள்ளம்பன்றி பயப்படுவது வெளிச்சத்துக்குத்தான் என்றால், பௌர்ணமி மூட்டத்தில் அது முன்னிரவிலேயே வர வேண்டும். உங்கள் கணிப்புக்கு அதுவே நல்ல சோதனை. மணி சொன்ன பயிர்ப் பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், காய் பிடிக்கும் வாரம் ஒரு தேய்பிறையோடு சேர்ந்து வந்திருந்தால் பழி நிலாவின் மேல் விழும். இன்னொரு உருளைப் போகம் முழுக்கப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். அதுவரை தேய்பிறையில் அப்பா முன்னிரவுக் காவலும், வளர்பிறையில் நிலா மறைந்த பிறகு நீங்களும் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். பன்றிக்கு இந்த முறை உதவாது, அதற்கு வேலிதான்.