சிகாகோ கார்சன் பைரி ஸ்காட் கட்டடம்: படமெடுக்க எப்போது போகலாம்?

தஞ்சை ஸ்டுடியோ:
வணக்கம். முப்பது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். அக்டோபரில் மூன்று வாரம் சிகாகோவில் மகள் வீட்டில் இருப்பேன். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சேரும் முனையில் உள்ள பழைய கார்சன் கடையின் வார்ப்பிரும்புப் பூவேலையை நிதானமாக எடுக்க ஆசை. வெளிச்சம் எப்போது நன்றாக விழும்? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

ஏரிக்கரை:
ஐயா, இப்போது அங்கே டார்கெட் கடை இருக்கிறது, உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். ஸ்டேட் தெருப் பக்கம் மேற்குப் பார்த்தது, மேடிசன் பக்கம் வடக்குப் பார்த்தது. அதனால் மதியச் சாப்பாடு முடித்துவிட்டுப் போங்கள். ரொம்பத் தாமதித்தால் எதிர்க்கட்டடங்களின் நிழல் ஏறிவிடும்.

மூலை வாசலில் கிட்டே போய்ப் பாருங்கள். தூரத்தில் வெறும் பச்சையாகத் தெரிவது பச்சை மட்டும் அல்ல. அடியில் சிவப்புப் பூச்சு, அதன்மேல் பச்சை; களிம்பேறிய வெண்கலம் போல் தெரிய வேண்டும் என்று 1899இல் இதைக் கட்டத் தொடங்கிய கட்டடக் கலைஞர் லூயி சலிவன் நினைத்தார். இலைக்கொடிகளுக்குள் எல், எச், எஸ் என்று அவர் பெயரின் முதலெழுத்துகள் ஒளிந்திருக்கின்றன. எனக்கு மூன்றாவது தடவைதான் கண்ணில் பட்டது.

ஆனால் போவதற்கு முன் ரிச்சர்ட் நிக்கலைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தொழில்காரர், 1928இல் சிகாகோவிலேயே பிறந்தவர். மாணவராக இருந்தபோது ஆரன் சிஸ்கிண்ட் என்ற ஆசிரியரிடம் சலிவன் கட்டடங்களைப் படமெடுக்கும் வகுப்பு வேலை வந்தது. வகுப்பு முடிந்துவிட்டது, அவர் விடவில்லை. அந்தக் காலத்தில் சலிவன் கட்டடங்களை ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டிருந்தார்கள். 1960இல் சலிவனின் காரிக் தியேட்டருக்காக மனிதர் பலகை ஏந்தித் தெருவில் நின்றார். மறுவருடம் அதையும் இடித்து, கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். அப்புறம் படத்தோடு நிற்காமல், இடிபடும் கட்டடங்களுக்குள் புகுந்து சுடுமண் அலங்காரங்களைப் பெயர்த்துக் காப்பாற்றினார். 1972 ஏப்ரல் 13 அன்று, இடிபட்டுக்கொண்டிருந்த சலிவனின் பழைய பங்குச் சந்தைக் கட்டடத்துக்குள் போனவர் திரும்பவில்லை. இடிபாட்டுக்குள்ளிருந்து உடல் மே 9இல்தான் கிடைத்தது. வயது 43. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அந்தக் கட்டடத்தின் வர்த்தகக் கூடத்தை அவரோடு சேர்ந்து துண்டு துண்டாகக் கழற்றியவர் ஜான் வின்சி என்ற நண்பர். 1977இல் அதே கூடம் ஆர்ட் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகத்துக்குள் மறுபடி எழுந்தது. கார்சன் முகப்பைச் சுத்தம் செய்து, அந்தச் சிவப்பையும் பச்சையையும் திரும்பக் கொண்டுவந்தவரும் இதே வின்சிதான். உச்சியில் முன்பு எடுத்துவிட்டிருந்த கொடுங்கையை (கூரையோர நீட்டலை) 2006இல் திரும்பக் கட்டியது வேறு குழு. எனக்கு அதைவிட இந்த வாசல் பெரிசு. நண்பன் உயிரைக் கொடுத்த வேலையை வின்சி விட்டுவிடவில்லை. அதனால் முதலில் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் அந்தக் கூடத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், பிறகு கடைக்கு வாருங்கள். நடந்தே போகலாம்.

ரெட் லைன் பயணி:
ஏரிக்கரை சொன்னதோடு இன்னொன்று. சலிவனும் நிக்கலும் கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். ரெட் லைன் ரயிலில் ஷெரிடன் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். அக்டோபரில் காற்று பலமாக இருக்கும், எடை குறைந்த முக்காலி ஆடும்.

தஞ்சை ஸ்டுடியோ:
இருவருக்கும் நன்றி. நிக்கல் பற்றி மகளிடம் போனில் சொன்னேன். தினமும் அந்த வாசல் வழியாகத்தான் போகிறாளாம், நின்று பார்த்ததில்லையாம். பழைய கனமான முக்காலியையும் மேக்ரோ லென்ஸையும் பெட்டியில் வைத்துவிட்டேன். அந்த மூன்று எழுத்தும் சிக்கினால் படத்தை இங்கேயே போடுகிறேன்.