ஆண்டு விழாவில் ஆட்டம் மட்டும் போதுமா, இலைச் சீட்டுக் கணக்கும் வரலாமா?

இலைக்காட்டு அம்மா (கோத்தகிரி பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) கீழே இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் மகன் நான்காவது, மகள் இரண்டாவது படிக்கிறார்கள். மொத்தம் 21 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

ஜனவரியில் ஆண்டு விழா வைக்கலாம் என்று பேச்சு. போன கூட்டத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். பெற்றோரில் பாதிப் பேருக்கு ஸ்பீக்கர், சினிமாப் பாட்டு, வாடகை டிரெஸ் எல்லாம் வேண்டும். டீச்சருக்கோ, பிள்ளைகள் வகுப்பில் என்ன செய்கிறார்கள் என்று பெற்றோர் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கல்யாண வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்துவிடும். அதனால் நான் டீச்சர் பக்கம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை. பறித்த இலையை ஏஜென்டிடம் போடுகிறோம், அவர் சீட்டு எழுதித் தருவார். வீட்டில் அந்தச் சீட்டு அடுப்பு மூட்டத்தான் ஆகும். ஒரு நாள் டீச்சர் நான்காவது, ஐந்தாவது பிள்ளைகளிடம் 'வீட்டிலிருந்து ஆளுக்கொரு இலைச் சீட்டு கொண்டுவாருங்கள்' என்று சொல்லியிருக்கிறார். என் மகன் கொண்டுபோன சீட்டில் இலை 41 கிலோ, ஈரத்துக்குக் கழிவு 3 கிலோ, மீதி 38 கிலோ, கிலோ 18 ரூபாய். கூட்டுத்தொகை 648 என்று எழுதியிருந்தது. பையன் மூன்று தடவை பெருக்கிப் பார்த்துவிட்டு, 'டீச்சர், எனக்கு 684 தான் வருகிறது' என்றானாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, 'அம்மா, நமக்கு 36 ரூபாய் வரவேண்டும்' என்றான். பத்து வருடமாக அந்தச் சீட்டை வாங்குகிறேன், ஒரு நாளும் பெருக்கிப் பார்த்ததில்லை. ஏஜென்டிடம் கேட்டேன். 'கை தவறி எழுதிவிட்டேன்மா' என்று உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இதைத்தான் விழாவில் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் எப்படிக் காட்டுவது? கரும்பலகையில் கணக்குப் போட்டால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

இரண்டாவது விஷயம். சின்ன வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறார்கள் இல்லையா? பக்கத்து வீட்டு அக்காவின் பையன் மூன்றாவது, 'மொட்டு'வில் இருக்கிறான். அது ஃபெயில் மாதிரி என்று நினைத்து, டவுனில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்க வேன்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அவன் போனால் 20 ஆகிவிடும். அவருக்கு என்ன சொல்வது?

தேதியும் சொல்லுங்கள். மார்கழியில் எங்கள் ஹெத்தை ஹப்பா திருவிழா வரும், அப்போது ஊரே பள்ளியில் இருக்காது. பொங்கல் லீவு வேறு. சாயங்கால விழா கூடாது, ஆறு மணிக்கு மேல் பள்ளிக்குப் போகிற வழியில் காட்டுமாடு நிற்கும். போன மாதம் கரடி.

சாக்பீஸ் தூள் (குன்னூர், தொடக்கப் பள்ளி ஆசிரியை)

அக்கா, முதலில் மொட்டு. அது ஃபெயில் இல்லை, பாஸும் இல்லை. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபோது, கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்ததால் மூன்றாவது பிள்ளைக்குக்கூட எழுத்து கூட்டத் தெரியாத நிலை. அதனால் 'நீ எந்த வகுப்பு' என்று கேட்பதற்குப் பதில் 'உனக்கு எதுவரை வருகிறது' என்று பார்த்து உட்கார வைத்தோம். ஆரம்ப நிலை அரும்பு, நடுவில் மொட்டு, வகுப்புக்குரியது வந்துவிட்டால் மலர். ஒரே பிள்ளை தமிழில் மலராகவும் கணக்கில் மொட்டாகவும் இருக்கலாம். என் வகுப்பில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். அந்த அக்காவிடம் விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். ஒரு நாள் காலையில் பின் பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். பையன் ஜூனில் எழுதிய நோட்டையும் இப்போது எழுதுகிற நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். என் அனுபவத்தில் அதற்கு மேல் பேச்சு தேவைப்பட்டதில்லை.

கணக்கை எப்படிக் காட்டுவது என்று கேட்டீர்கள். கரும்பலகை வேண்டாம், பெற்றோரையே செய்ய வையுங்கள். எங்கள் பள்ளிக்குக் கீழே மலை ரயில் போகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகைப்பாதை. இதெல்லாம் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், கேட்கிறவர் கொட்டாவி விடுவார். போன விழாவில் நாங்கள் செய்தது இதுதான். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பல்சக்கரம் வைத்து ஏறுகிற இடத்தில் ஏற்றம் ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி. 12 அடிப் பலகை ஒன்றைக் கட்டிட வேலை நடக்கிற இடத்தில் இரவல் வாங்கி, ஒரு முனையை 1 அடி தூக்கி வைத்தோம். பிள்ளைகள் பொம்மை வண்டியை விட்டார்கள், சர்ரென்று இறங்கி வந்தது. அப்புறம் சக்கரத்தில் ரப்பர் பேண்டும் பலகையில் வரிசையாகத் தீக்குச்சியும் ஒட்டி விட்டார்கள். நின்றது. அப்பாமார் எல்லாம் தரையில் குந்தி உட்கார்ந்து, எங்களுக்கே வண்டி தராமல் விளையாடினார்கள்.

பழைய வாத்தியார் (கூடலூர்)

அம்மா, 33 வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தவன் சொல்கிறேன். உங்கள் 36 ரூபாயில் இன்னொரு பாடம் ஒளிந்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

684 இடம் மாறி 648 ஆகியிருக்கிறது என்பது ஏஜென்ட் சொன்ன காரணம். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். 36 வகுபடுகிறது, சரி. ஆனால் 36 ரூபாய் என்பது துல்லியமாக 2 கிலோ இலையின் விலையும்கூட. 36 கிலோவை 18-ஆல் பெருக்கிப் பாருங்கள், 648 வரும். கை தவறியதா, ஈரக் கழிவு 3 கிலோவை மனதுக்குள் 5 கிலோவாகப் போட்டுக்கொண்டாரா? இந்த ஒரு சீட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நான் அந்த மனிதரைச் சந்தேகப்படவில்லை. உடனே பணத்தைக் கொடுத்தவர் நல்லவராகத்தான் இருப்பார். இன்னும் பத்துச் சீட்டு வேண்டும் என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். ஐந்தாம் வகுப்புக்கு இதைவிட நல்ல கணக்கை நான் கண்டதில்லை.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. எண்ணாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. சுவரில் 80 சென்டிமீட்டரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை அதற்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். கோடு ஏறக்குறைய நெஞ்சுக்கு வரும்.

ஊட்டி அப்பா

எல்லோரும் கணக்கு கணக்கு என்கிறீர்கள். என் மகள் மூன்றாவது. அவளுக்குக் கணக்கு என்றால் வயிற்றுவலி வந்துவிடும். ஆட்டம் என்றால் இரண்டு மாதம் முன்பே தூங்க மாட்டாள். போன வருடம் மேடையில் அவள் ஆடியதைப் பார்த்துத்தான் அவள் டீச்சரே அவள் பெயரைச் சரியாகச் சொல்ல ஆரம்பித்தார். ஆட்டத்தை எடுத்துவிட்டால் அவள் அன்றைக்கு எங்கே நிற்பாள் என்று யோசித்தீர்களா?

பூண்டுக்காரன் (கொடைக்கானல் மேல்மலை)

அக்கா, ஊட்டி அண்ணன் கேட்பது நியாயம், பதில் நீங்களே சொல்லுங்கள். நான் தேதிக்கு மட்டும் வருகிறேன். ஜனவரி 26 வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அன்று சம்பளத்தோடு லீவு. கொடியேற்றத்துக்கு எப்படியும் எல்லோரும் வருவார்கள். ஆனால் அன்றைக்குக் கிராம சபையும் உண்டு, 11 மணி வாக்கில் தொடங்கிவிடும். உங்களுக்குப் பள்ளிச் சுவர், கழிப்பறை என்று ஏதாவது தீர்மானம் போட வேண்டியிருந்தால் கூட்டமாக அங்கே போய்விடலாம். பனிக்காலத்தில் இலை வரத்தும் குறைவுதானே?

எங்கள் பள்ளியில் இலைச் சீட்டுக்குப் பதில் பூண்டுச் சீட்டு. வடுகபட்டி சந்தைக்கு மூட்டை போகும், எடைக்கூலி, வண்டி வாடகை, கமிஷன் கழித்து வரும். பிள்ளைகள் அதைப் படித்துக் காட்டிய பிறகு எங்கள் அப்பா சீட்டைக் கிழித்துப் போடுவதை நிறுத்திவிட்டார்.

இலைக்காட்டு அம்மா (கோத்தகிரி பக்கம்)

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்ன 2 கிலோவைப் படித்துவிட்டு எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மகனிடம் சொன்னேன். அவன் அக்கம்பக்கத்து வீடுகளில் 14 சீட்டு வசூல் செய்துவிட்டான். அதில் 13 சரி. ஒன்றில் ஏஜென்டுக்கே 20 ரூபாய் நஷ்டம். பையனுக்கு ஏமாற்றம், எனக்கு நிம்மதி.

ஊட்டி அண்ணா, நீங்கள் கேட்டது சுருக்கென்று பட்டது. எங்கள் பள்ளியிலும் ஒரு பிள்ளை அப்படி இருக்கிறாள். ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுக்கு வந்த குடும்பம், ஒன்றாவது படிக்கிறாள், இன்னும் தமிழில் வாய் திறக்கவில்லை, ஆனால் ஆடுவாள். ஆட்டத்தை எடுக்கவில்லை. வாடகை டிரெஸ்ஸை மட்டும் எடுத்துவிட்டோம், அந்தப் பணத்தில் டீ, பன். அவளை வைத்து டீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு பொருளைத் தூக்கிக் காட்டினால் ஆளுக்கொரு பாஷையில் சொல்ல வேண்டும். பால் என்று லைன் வீட்டுப் பையன், எங்கள் படுக பாஷையில் ஹாலு என்று என் மகள், இந்தியில் தூத் என்று அவள். ஒத்திகையில் அவள் போட்ட சத்தத்தில் சத்துணவுக்கூடத்து அக்கா வெளியே வந்து பார்த்தார். அது பள்ளியில் அவள் பேசிய முதல் வார்த்தை என்று டீச்சர் சொன்னார்.

என் மகள் கட்டுரை நோட்டில்கூட 'ஹாலு குடித்தேன்' என்று எழுதி வைத்திருக்கிறாள். டீச்சர் சிவப்புக் கோடு போடாமல் பக்கத்தில் 'பால்' என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த நோட்டையும் மேஜையில் வைக்கப்போகிறோம்.

தேதி ஜனவரி 26 என்று முடிவாகிவிட்டது. கொடியேற்றம், ஒரு மணி நேரம் வகுப்பு, பிறகு கிராம சபை. மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம், நான்கு மணிக்குள் எல்லோரும் வீட்டில். பக்கத்து வீட்டு அக்கா பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். வேன்காரரிடம் பேசியதை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அவர் பையன்தான் சொன்னான், அவர் வாயிலிருந்து இன்னும் வரவில்லை.

சீட்டுக் கணக்கைப் பெற்றோரே செய்வது மாதிரி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் ஏஜென்ட், பெற்றோர் இலை போடுகிறவர்கள். சாக்கில் நிஜ இலை, ஒன்றில் தண்ணீர் தெளித்து ஈரமாக. நிறுப்பதற்குக் கொக்கி வைத்த தொங்கு தராசு ஒன்று வேண்டும். எங்கள் ஏஜென்டிடம் கேட்கலாமா என்று பார்க்கிறேன். கேட்டால் அவரும் வந்து உட்காருவார், அது நல்லதா கெட்டதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கோத்தகிரி பக்கம் வேறு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், 25 அன்று வந்து வாங்கிக்கொள்கிறேன்.