வீட்டுக் கணினியின் தீச்சுவர் விதிகள்: எவற்றை நீக்கலாம்?

பரந்தன் வாசகி (கேள்வி)

வணக்கம். வீட்டில் மாலை வகுப்பு நடத்துகிறேன். ஒரு மேசைக் கணினியும் ஒரு மடிக்கணினியும் உள்ளன; இரண்டிலும் வின்டோஸ் 11. மேசைக் கணினியில் பொருத்திய அச்சுப்பொறிக்கு மடிக்கணினியிலிருந்தே வினாத்தாள்களை அனுப்பி அச்சிட்டு வந்தேன். சிம் போடும் பழைய ரவுட்டரை விட்டுப் புதிய இணைப்புக்கு மாறியதிலிருந்து அது நடப்பதில்லை. மேசைக் கணினியின் தீச்சுவரை (வலையமைப்பு வழியே வருவதை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் ‘ஃபயர்வாலை’) முழுவதுமாக நிறுத்தினால் மட்டும் அச்சாகிறது. திரையைப் பிள்ளைகளுக்குப் பகிரும் மென்பொருள் ஒன்றுக்கும் அனுமதி விதி எழுதிப் பார்த்தேன், அதுவும் பயனளிக்கவில்லை. விதிப் பட்டியலோ முடிவில்லாமல் நீள்கிறது. எவற்றை நீக்கினால் சரியாகும்? வகுப்புப் பிள்ளைகளின் கைபேசிகளும் இதே வைஃபையில்தான் இணைகின்றன.

கனகராயன்குளத்தான்

அக்கா, இப்போதைக்கு எதையும் நீக்க வேண்டாம். நீங்கள் சொல்வது இரு வேறு சிக்கல்கள்.

அச்சுப்பொறியின் சிக்கல் பெரும்பாலும் ரவுட்டர் மாறியதால் வந்தது. புதிய வலையமைப்பு ஒன்றில் இணையும்போது வின்டோஸ் அதை முதலில் ‘பொது’ வலையமைப்பாகவே கருதும். தீச்சுவரின் ஒவ்வொரு விதியும் எந்த வகை வலையமைப்பில் செயற்பட வேண்டும் என்ற குறிப்போடுதான் இருக்கிறது. கோப்பு, அச்சுப்பொறிப் பகிர்வுக்கான விதிகள் உங்கள் பழைய இணைப்பில் ‘தனியார்’ (பிரைவேட்) வகைக்கு மட்டும் இயக்கப்பட்டிருந்திருக்கும். செட்டிங்ஸில் அந்த வைஃபையின் பண்புகளைத் திறந்து, இரு கணினிகளிலும் ‘பிரைவேட்’ என்று மாற்றிப் பாருங்கள்.

முறிகண்டிப் பயணி

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. கோப்பு, அச்சுப்பொறிப் பகிர்வு வந்துபோகும் வாயிலான 445 ஆம் இலக்கப் போர்ட்டை எல்லா வகை வலையமைப்புகளுக்கும் திறந்துவிட்டால் அச்சுப்பொறி வேலை செய்யும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நெடுங்கேணி நூலகம்

மேலே உள்ள ஆலோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வன்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது இதே 445 வழியாகத்தான். மைக்ரோசொஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச் மாதமே வெளியிட்டிருந்தும், அதை நிறுவாத கணினிகள் அகப்பட்டுக்கொண்டன. வீட்டுக்குள் திறந்திருக்கும் போர்ட்டை ரவுட்டர் ஓரளவு மறைக்கும். ஆனால் மடிக்கணினியிலும் அப்படியே திறந்துவைத்து, அதைக் கிளிநொச்சிப் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள கடையின் வைஃபையில் இணைத்தால், அந்த விதி அங்கும் திறந்த கதவுதான்.

இனித் திரைப் பகிர்வு மென்பொருளுக்கு வருகிறேன். பலரும் தடுமாறுவது இங்கேதான். வின்டோஸ் தீச்சுவரில் விதிகளின் வரிசைக்குப் பொருள் இல்லை; ஒரே போக்குவரத்துக்கு ஓர் அனுமதி விதியும் ஒரு தடை விதியும் இருந்தால், தடைதான் வெல்லும். லினக்ஸின் யூஎஃப்டபிள்யூ என்ற தீச்சுவரில் பழகியவர்கள், அங்கே மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் விதியே முடிவு செய்வதால், இங்கும் அப்படியே எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு மென்பொருள் முதன்முறை இயங்கும்போது அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். அதில் யாராவது ‘கேன்சல்’ என்பதை அழுத்தினால், வின்டோஸ் அந்த மென்பொருளின் பெயரிலேயே, வழக்கமாக டிசிபி, யூடிபி என்ற இரு தரவு அனுப்பும் முறைகளுக்கும் தலா ஒன்றாக, இரண்டு தடை விதிகளைச் சத்தமில்லாமல் எழுதிவிடும். அதன் பிறகு நீங்கள் எத்தனை அனுமதி விதிகளை எழுதினாலும் பயன் இராது.

ஆகவே மேம்பட்ட தீச்சுவர்ச் சாளரத்தில் ‘இன்பவுண்ட் ரூல்ஸ்’ (உள்வருபவற்றுக்கான விதிகள்) பகுதிக்குச் சென்று, பெயர்வாரியாக வரிசைப்படுத்தி, சிவப்புத் தடைக்குறி உள்ளவற்றை மட்டும் பாருங்கள். பச்சைக் குறி உள்ளவை அனுமதிகள். சாம்பல் நிறத்தில் உள்ளவை செயற்படாதவை, அவற்றால் தீங்கில்லை. பட்டியல் நீளமாக இருப்பது நோயல்ல. அதில் பெரும்பகுதி வின்டோஸோடு வந்ததுதான், அதை அப்படியே விடுங்கள். உங்கள் மென்பொருளின் தடை விதிகள் இருந்தால், நீக்காமல் ‘டிசேபிள்’ மட்டும் செய்யுங்கள். எதையும் தொடுவதற்கு முன் ‘எக்ஸ்போர்ட் பொலிசி’ மூலம் முழு விதிகளையும் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொண்டால், பிழைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

கனகராயன்குளத்தான்

நூலகத்தார் சொன்னது சரி. தடை விதிகள் என் நினைவுக்கு வரவில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பிள்ளைகளின் கைபேசிகளும் அதே வைஃபையில் இருக்கும்போது அதைத் ‘தனியார்’ என்று அறிவிப்பது, அவற்றையும் வீட்டாராக ஏற்பதாகும். நம் பக்கத்தில் ஒரு வீட்டுக் கடவுச்சொல் தெருவுக்கே தெரிந்திருப்பது புதிதல்ல. உங்கள் ரவுட்டரில் விருந்தினர் வலையமைப்பு வசதி இருந்தால் கைபேசிகளை அதற்கு மாற்றுங்கள். ஆனால் திரைப் பகிர்வு அந்தக் கைபேசிகளுக்கும் போக வேண்டுமென்றால் இது ஒத்துவராது, ஏனெனில் விருந்தினர் பக்கத்திலிருந்து உங்கள் கணினியை அடைய ரவுட்டர் வழக்கமாக விடாது.

பரந்தன் வாசகி

இருவருக்கும் நன்றி. வலையமைப்பு ‘பொது’ என்றே இருந்தது. மாற்றியதும், தீச்சுவர் இயங்கிக்கொண்டிருக்கவே, அச்சுப்பொறி வேலை செய்தது. திரைப் பகிர்வு மென்பொருளின் பெயரில் சிவப்புக் குறியோடு இரண்டு விதிகள் இருந்தன. அவற்றைச் செயலிழக்கச் செய்தேன், இப்போது இணைகிறது. திரையைக் கைபேசிகளிலும் காட்ட வேண்டியிருப்பதால் விருந்தினர் வலையமைப்பைத் தவிர்த்து, கடவுச்சொல்லை மாற்றி, வகுப்புக்கு வருவோருக்கு மட்டும் கொடுக்கப் போகிறேன். மென்பொருளுக்கான அனுமதி விதியில் ‘ஸ்கோப்’ என்ற பகுதியில் உள்ளூர் வலையமைப்பை மட்டும் குறிப்பிட்டால் போதுமா?

நெடுங்கேணி நூலகம்

போதும். ‘ரிமோட் ஐபி’ பகுதியில் ‘லோக்கல் சப்நெட்’ (உங்கள் உள்ளூர் வலையமைப்பு மட்டும்) என்பதைத் தெரிவுசெய்து, அதே விதியின் ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் ‘பிரைவேட்’ மட்டும் குறியிடப்பட்டிருப்பதை உறுதிசெய்யுங்கள்.